ஊதா மூடிக்கு மூன்று நடை: வலி மாத்திரைக்காக ஒரு ஜீன் டெஸ்ட்

மேலூரிலிருந்து மதுரைக்கு மூன்று நடை. அதில் இரண்டு வீண். அம்மாவின் முழங்கால் மாற்று ஆபரேஷனுக்கு முன்னால் சிஒய்பி2டி6 ஜீன் டெஸ்ட் எடுத்து வரச் சொன்னார் மயக்க டாக்டர். முன்பு பித்தப்பை ஆபரேஷன் முடிந்தபோது டிரமடால் என்ற வலி ஊசி போட்டும் வலி இறங்கவில்லை. வாந்தியும் கிறுகிறுப்பும்தான் மிச்சம். "அம்மாவுக்குத் தாங்குற தெம்பு இல்ல" என்று அப்போது வார்டில் முடித்துவிட்டார்கள். இந்த டாக்டர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. மருந்து வேலை செய்யாமல் பக்கவிளைவு மட்டும் வருகிறது என்றால், ஈரல் அந்த மருந்தை மாற்றுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார்.

விஷயம் இதுதான். டிரமடால் அப்படியே பெரிய வலி நிவாரணி இல்லை. அந்த ஜீன் ஈரலில் உண்டாக்கும் 2டி6 என்சைம் (நொதி) அதை எம்1 என்ற பொருளாக மாற்றிய பிறகுதான், வலியை அடக்கும் ஓபியாய்டு ஏற்பியை இறுக்கிப் பிடிக்கும். என்சைம் இல்லாதவருக்கு எம்1 சொற்பமாகவே உண்டாகும். மாறாத டிரமடாலோ உடம்பில் தேங்கி, செரட்டோனின் என்ற நரம்பு ரசாயனத்தை ஏற்றிக் குமட்டலைக் கொடுக்கும். கோடீன் என்ற வலி மருந்தும் இதே ரகம். 2டி6 இருந்தால்தான் அது மார்ஃபீன் ஆகும். சிலருக்கு இந்த ஜீன் இரண்டுக்கு மேல் பிரதி இருக்கும். அவர்களுக்கு மருந்து மளமளவென்று மாறி மூச்சே அடங்கிப்போகலாம். 12 வயதுக்குக் கீழே இந்த இரண்டும் கூடாது என்று அமெரிக்க மருந்துத் துறை 2017இல் சொன்னது இதனால்தான்.

முதல் நடை. கலெக்‌ஷன் சென்டர் கவுன்ட்டரில் சீட்டை வாங்கிப் பார்த்தவர், "2டி எக்கோ இங்க எடுக்குறதில்ல சார், ஸ்கேன் சென்டருக்குப் போங்க" என்றார். இதயமும் இல்லை, எக்கோவும் இல்லை என்று புரியவைக்கவே பத்து நிமிடம். கம்ப்யூட்டரில் ஒருவழியாகப் பெயரைக் கண்டுபிடித்து, பணம் கட்டி, ரத்தமும் எடுத்தாயிற்று. மூன்றாம் நாள் போன்: "சாம்பிள் ரிஜெக்ட் சார்." எடுத்தது சிவப்பு மூடி டியூப். அதில் ரத்தம் உறைந்துவிடும். டிஎன்ஏ எடுப்பதற்கு உறையாத ரத்தத்தில் மிதக்கும் வெள்ளணுக்கள் வேண்டும். அதற்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ மருந்துள்ள ஊதா மூடி டியூப்தான். பச்சை மூடியும் வேண்டாம். அதிலுள்ள ஹெப்பாரின், டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறையைக் கெடுக்கும். ஊசி குத்தும் முன் மூடியின் நிறத்தைக் கேளுங்கள். "எங்களுக்குத் தெரியாதா?" என்று முறைப்பார்கள். முறைக்கட்டும்.

இரண்டாம் நடையில் டியூப் சரி, காகிதம் சரியில்லை. ஜீன் டெஸ்ட்டுக்கு நோயாளி கையெழுத்திட்ட ஒப்புதல் படிவமும், டாக்டர் கையெழுத்தும் சீலும் வைத்த கோரிக்கைப் படிவமும் தனித்தனியாக வேண்டுமாம். முதல் தடவை யாரும் இதைக் கேட்கவே இல்லை. போதாக்குறைக்கு அன்று சனிக்கிழமை சாயங்காலம். சாம்பிள் வண்டி போய்விட்டது. எடுத்திருந்தாலும் ஞாயிறு முழுக்க அங்கேயே கிடந்திருக்கும். திங்கள் முதல் வியாழன் வரை, காலையில் போவதுதான் புத்தி. வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரை நோயாளியைப் பட்டினி போட்டுக் கூட்டிப்போய்விடாதீர்கள். அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் நடையில் வேலை முடிந்தது. ஆனால் அழகரை வரவேற்க ஊரே திரளும் எதிர்சேவை நாள் என்பதை மறந்து கிளம்பியதால், மாட்டுத்தாவணியில் இறங்கி தல்லாகுளத்தைத் தாண்டுவதற்குள் அம்மாவின் முழங்கால் இரட்டிப்பாக வீங்கிவிட்டது. சித்திரை மாதத்தில் தேதி வாங்குகிறவர்கள் அழகர் வரும் நாளைப் பார்த்து வாங்கவும்.

பன்னிரண்டு நாள் கழித்து வந்த ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் ஒரே வரி: நார்மல் மெட்டபாலைசர், அதாவது மருந்தை இயல்பாக மாற்றுபவர். சப்பென்று ஆகிவிட்டது. மயக்க டாக்டர் அந்த வரியைக் கண்டுகொள்ளவே இல்லை. நேராக இரண்டாம் பக்கத்துக்குப் போனார். அங்கே ஸ்டார் 1 / ஸ்டார் 4 என்று இருந்தது, அம்மாவிடம் உள்ள இரண்டு ஜீன் பிரதிகளின் வகைகள். ஸ்டார் 1 முழுசாக வேலை செய்யும், மதிப்பு 1. ஸ்டார் 4 வேலையே செய்யாது, மதிப்பு 0. கூட்டினால் 1. பழைய கணக்கில் 1 என்றால் நார்மல். இப்போது நார்மல் 1.25இல்தான் தொடங்குகிறது, அதற்குக் கீழே இன்டர்மீடியட், 0 என்றால் புவர். லேப் இன்னும் பழைய வாய்ப்பாட்டிலேயே இருக்கிறது. ஆகவே முதல் பக்கத்தை மட்டும் வாட்ஸ்அப்பில் அனுப்பி வேலையை முடிக்காதீர்கள். ஜீனின் பிரதி எண்ணிக்கையையும் பார்ப்பார்களா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். பார்க்காவிட்டால், ஜீனே அற்றுப்போன ஸ்டார் 5ஐயும் கூடுதல் பிரதியையும் அந்த ரிப்போர்ட் காட்டாது.

ஆனாலும் பாதி என்சைம் இருக்கிறதே, டிரமடால் கொஞ்சமாவது கேட்டிருக்க வேண்டுமே? "என்னென்ன மாத்திரை சாப்பிடுறாங்க?" என்றார் டாக்டர். சர்க்கரை, பிரஷர் என்று வாயால் சொன்னோம். "டப்பாவோட கொண்டு வாங்க" என்றார். இதற்கு இன்னொரு நடை. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. பிஸ்கட் டப்பாவின் அடியில் பேராக்ஸெட்டின் 12.5 அட்டை கிடந்தது. படபடப்புக்காக யாரோ எழுதியது. பித்தப்பை ஆபரேஷனுக்கு நாலு மாதம் முன்பிருந்தே ஓடுகிறது. பேராக்ஸெட்டின் 2டி6ஐ அடியோடு முடக்கிப் போடும். ஃப்ளூவாக்ஸெட்டினும் அப்படியே. கால் எரிச்சலுக்கு எழுதும் டுலாக்ஸெட்டின் பாதியளவு முடக்கும். ஜீன் 1 என்று சொன்னாலும், இந்த மாத்திரை உள்ளே இருக்கும்வரை அம்மாவின் கணக்கு 0தான். தவிர, பேராக்ஸெட்டினும் டிரமடாலும் சேர்ந்தாலே செரட்டோனின் எகிறுகிற ஆபத்து உண்டு, வலிப்புகூட வரலாம். மூன்று நடை நடந்து தேடிய பதில் பாதிக்குப் பாதி வீட்டு டப்பாவிலேயே இருந்திருக்கிறது.

அதற்காக அந்த மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடக் கூடாது. தலைசுற்றலும் பதற்றமும் வந்துவிடும். அதைத் தொடரவிட்டு வலி மருந்தை மாற்றினார்கள்: தொடையில் நரம்பை மரக்கவைக்கும் பிளாக் ஊசி, எட்டு மணிக்கு ஒருமுறை பாராசிட்டமால் 1 கிராம், தேவைப்பட்டால் மட்டும் குறைந்த அளவு மார்ஃபீன். மார்ஃபீனுக்கு 2டி6 தயவு வேண்டாம்.

டிரமடால் தனிப்பெயரில் மட்டும் வராது. பாராசிட்டமால் 325, டிரமடால் 37.5 என்று ஒரே மாத்திரையில் கலந்தும் வரும். அட்டையின் பின்பக்கத்தைப் படித்தால்தான் தெரியும். செலிகாக்ஸிப், இபுப்ரோஃபென் வகையறா வலி மருந்துகளுக்கு 2சி9 என்ற வேறு ஜீன். 2டி6 ரிப்போர்ட்டை வைத்து அதைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாது. முகத்தில் மின்னல் வெட்டுகிற நரம்பு வலிக்கு கார்பமாசிபைன் புதிதாகத் தொடங்குகிறவர்கள் எச்எல்ஏ-பி ஸ்டார் 15:02 என்ற ஜீன் வகை பற்றி டாக்டரிடம் கேட்கலாம். அது இருப்பவருக்குத் தோலும் வாயும் கொப்புளித்து உரியும் ஆபத்து அதிகம். அது தனி டெஸ்ட், தனிப் பணம்.

ஆபரேஷன் அன்று ராத்திரி பதினோரு மணிக்கு, வழக்கமாக அச்சடித்து வைத்திருக்கும் மருந்துச் சீட்டைப் பார்த்து டிரமடால் ஊசியோடு வந்தார் டியூட்டி சிஸ்டர். கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதி வாங்கியிருந்த வரியைக் காட்டினேன். அவர் டியூட்டி டாக்டருக்குப் போன் போட்டுக் கேட்டு, ஊசியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் அந்த வரி விட்டுப்போயிருந்தது. பில் கவுன்ட்டரிலேயே நின்று, "டிரமடால், கோடீன் தவிர்க்கவும்: 2டி6 ஸ்டார் 1 / ஸ்டார் 4, பேராக்ஸெட்டின் எடுக்கிறார்" என்று மறுபடி அடித்து வாங்கினோம். முக்கால் மணி நேரம் ஆனது.