கோல் காவலரைத் திட்டுவதற்கு முன் பத்து வினாடி பின்னால் போங்கள்

காற்பந்து அணி தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றால் போதும். பினாங்கில் மறுநாள் பசியாறும்போதே ஒட்டுக்கடையில் தீர்ப்பு தயாராகிவிடும்: "கீப்பர் சரியில்லை, மாத்தணும்." இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. கோல் காவலர் தப்பே செய்வதில்லை என்று சொல்ல வரவில்லை. எந்த கோல் அவர் கணக்கு, எது மற்றவர் கணக்கு என்று பிரித்துப் பார்க்காமலே பேசுகிறோம்.

கோல் வாயின் அகலம் 7.32 மீட்டர். நடுவில் நிற்பவருக்கு இரு பக்கமும் 3.66 மீட்டர். 11 மீட்டர் தூரத்திலிருந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் உதைத்த பந்து 0.4 வினாடியில் கோட்டைத் தொட்டுவிடும். கண் பார்த்து உடல் அசையவே அதில் பாதி போய்விடுகிறது. அந்த இடத்தில் எதிராளியைத் தனியாக விட்டது யார்? தோற்கும் அணியின் கோல் காவலருக்கு இப்படிப்பட்ட பந்துகள்தான் அதிகம் வரும். அதனால் எத்தனை கோல் விட்டார் என்று எண்ணாதீர்கள்; எங்கிருந்து எத்தனை உதை வந்தது என்று எண்ணுங்கள்.

கோல் விழுந்த கணத்திலிருந்து காணொளியைப் பத்து வினாடி பின்னால் ஓட்டி, மத்தியத் திடலில் பந்து பறிபோன இடத்தைப் பாருங்கள். பிறகு எதிராளியின் கால் பந்தில் படும் கணத்தில் நிறுத்துங்கள். கோல் காவலரின் இரண்டு பாதமும் தரையில் இருக்கின்றனவா? ஒரு கால் அந்தரத்தில் இருந்தால் பக்கவாட்டில் பாய உந்துதல் கிடைக்காது; அது அவர் பிழைதான். முன்னேறி நின்றாரா என்பதும் அதே படத்தில் தெரியும். 11 மீட்டரில் பந்து இருக்கும்போது கோட்டிலிருந்து 3 மீட்டர் முன்னால் வந்தால், அவர் காக்க வேண்டிய அகலம் சுமார் 5.3 மீட்டராகக் குறைகிறது. கோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றவரைத் தாராளமாகக் கேள்வி கேட்கலாம்.

அருகிலுள்ள கம்பத்தை ஒட்டிப் பந்து நுழைந்தால் கீப்பர் தப்பு என்பது இங்கே வேதவாக்கு. எனக்கு அதில் பாதி உடன்பாடுதான். நடுவில் ஒருவன் காவலில்லாமல் ஓடி வந்தால், அவனுக்கு வரக்கூடிய பந்தையும் நினைத்து அவர் அரை அடி உள்ளே நகரத்தான் வேண்டும். அந்த அரை அடிக்குக் காரணம் ஓடியவனை விட்டுவிட்ட தற்காப்பு ஆட்டக்காரர்.

2019 விதி மாற்றத்துக்குப் பிறகு கோல் கிக்கை, அதாவது கோல் முனையிலிருந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கும் உதையை, சக ஆட்டக்காரர் பெனால்டி பெட்டிக்குள்ளேயே வாங்கலாம். சில பயிற்றுநர்கள் முதுகுக்குப் பின்னால் ஆள் வருவதைப் பார்க்காத தற்காப்பாளரை வைத்துக்கொண்டே குட்டிக் குட்டிப் பாஸ் ஆடச் சொல்கிறார்கள். பந்து பறிபோனால் திட்டு மட்டும் கீப்பருக்கு.

மாலை மழையில் நனைந்த புல்லில், முன்னால் குத்தி வழுக்கி வரும் பந்து வேறு கதை. அதைப் பிடிக்க ஆசைப்படாமல் கம்பத்துக்கு வெளியே தள்ள வேண்டும். நடுவில் தட்டிவிட்டு இரண்டாவது உதையில் கோல் விழுந்தால், அது முழுக்க அவர் கணக்கு. கையுறையை ஆட்டத்துக்கு முன் நனைக்காமல் வருவதும் அப்படித்தான். காய்ந்த ரப்பர் பந்தைப் பற்றாது.

சில கோல்களுக்கு யாரையும் கேட்க முடியாது. 2016-இல் பகாங்குக்கு எதிராக நம் பினாங்கு ஆட்டக்காரர் ஃபைஸ் சுப்ரி அடித்த ஃபிரீ கிக் பாதி வழியில் திசை மாறி மேல் மூலைக்குள் போனது; அதற்கு ஆண்டின் மிக அழகான கோலுக்கு ஃபிஃபா தரும் புஸ்காஸ் விருதே கிடைத்தது. சுழலாத பந்து காற்றில் எப்படி நெளியும் என்று எந்தக் கீப்பராலும் கணிக்க முடியாது.

மலேசிய அணியின் பழைய கோல் காவலர் 'ஸ்பைடர்மேன்' ஆர். ஆறுமுகத்தை நாம் கொண்டாடுவது நியாயம். ஆனால் 1980 மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற அந்த அணியில் அவருக்கு முன்னால் தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் நின்றார்கள்.

கீப்பரை மாற்றினால் இன்னொரு சிக்கல். பக்கவாட்டிலிருந்து வரும் குறுக்குப் பந்துக்குப் புதியவர் எவ்வளவு தூரம் வருவார், எப்போது "கீப்பர்!" என்று கத்துவார் என்பது நடுத் தற்காப்பாளர் இருவருக்கும் பழகியிருக்க வேண்டும். பழகாவிட்டால் கோலிலிருந்து 5.5 மீட்டரில் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், எதிராளி தலையால் முட்டிவிட்டுப் போவான். மாற்றியே ஆக வேண்டுமென்றால், ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு பயிற்சியில் கார்னர் பந்துக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள், அதே இரண்டு தற்காப்பாளர்களோடு.