மூடுபனி இல்லாத இரவுகள்: வைட்சேப்பல் நாட்குறிப்பு

ஆகஸ்ட் 31

மேரி ஆன் நிக்கல்ஸ் கொல்லப்பட்ட நாள். ஆண்டு 1888, இடம் கிழக்கு லண்டனின் வைட்சேப்பல், தெரு பக்ஸ் ரோ. ‘ஜாக் தி ரிப்பர்’ வழக்கு என்று பின்னர் பெயர் பெற்ற இந்தத் தொடர்கொலைகளை வைத்துக் கதை எழுத நினைப்பவர் கொலைகாரனைத் தேடுவதற்கு முன் நாலு பென்னியிலிருந்து தொடங்கலாம். த்ரால் தெரு 18-ஆம் எண் விடுதியில் ஒரு ராத்திரி படுக்கைக்கு அதுதான் கட்டணம். நிக்கல்ஸிடம் அது இல்லை, வெளியே அனுப்பிவிட்டார்கள். காசோடு வந்துவிடுவேன், என் புதுத் தொப்பியைப் பாருங்கள் என்று சிரித்துக்கொண்டே போயிருக்கிறார். இரண்டரை மணிக்கு எமிலி ஹாலந்து என்ற பெண் அவரைத் தெருமுனையில் பார்த்துப் பேசினார். படுக்கைக் காசை அன்று மூன்று தடவை சம்பாதித்து மூன்று தடவையும் செலவழித்துவிட்டதாக நிக்கல்ஸ் சொன்னாராம். மணி இரண்டரை என்று எப்படித் தெரியும்? அவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது தேவாலயக் கடிகாரம் அடித்தது.

இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த வழக்கில் வரும் நேரங்களில் பல, அடித்த கடிகாரத்தைக் காதால் கேட்டுச் சொன்னவை.

பிணவறையில் ஒரு பெரிய பிசகு நடந்தது. மருத்துவர் முழுமையாகப் பார்ப்பதற்குள், ஏழைகள் விடுதியைச் சேர்ந்த இரண்டு பேர் உடைகளைக் களைந்து உடலைக் கழுவிவிட்டார்கள். எந்தத் துணி எப்படிக் கிடந்தது என்ற தடயம் அதோடு போயிற்று.

செப்டம்பர் 4

இந்த வழக்கு புனைகதையைப் பாதித்தது எல்லோரும் அறிந்தது. புனைகதைதான் முதலில் வழக்குக்குள் நுழைந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஸ்டீவன்சனின் ஜெகில், ஹைட் கதை வெளிவந்தது 1886-இல். அதன் நாடக வடிவம் லண்டன் லைசியம் அரங்கில் 1888 ஆகஸ்ட் 4 அன்று தொடங்கியது. ரிச்சர்ட் மான்ஸ்ஃபீல்ட் மேடையிலேயே கனவானிலிருந்து அரக்கனாக மாறிக் காட்டினார். அதைப் பார்த்த ஒருவர், கொலைகாரன் இவராகத்தான் இருக்க வேண்டும் என்று போலீசுக்குக் கடிதமே எழுதினார். பகலில் மரியாதைக்குரிய மருத்துவர், இரவில் கொலைகாரன் என்ற அச்சு, முதல் கொலைக்கு முன்பே மக்கள் மனத்தில் தயாராக இருந்தது.

செப்டம்பர் 8

ஆனி சாப்மன். ஹான்பரி தெரு 29, பின்கட்டு. துப்பறியும் கதை எழுதிப் பழக இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. சாட்சிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

4:45 வாக்கில் ஜான் ரிச்சர்ட்சன் பின்வாசல் படியில் உட்கார்ந்து, காலை உறுத்திய பூட்ஸ் தோலைக் கத்தியால் சீவினார். உடல் எதுவும் இல்லை என்கிறார். பக்கத்து வீட்டு ஆல்பர்ட் கடோஷ் 5:20-க்குப் பிறகு வேலிக்கு அப்பால் ‘வேண்டாம்’ என்ற குரலையும், பின்னர் ஏதோ வேலியில் சாய்ந்த சத்தத்தையும் கேட்டார். எலிசபெத் லாங் 5:30-க்கு அதே வீட்டு வாசலில் சாப்மனை ஓர் ஆணோடு உயிரோடு பார்த்தார்; அவருக்கு நேரம் சொன்னது மதுபான ஆலையின் கடிகாரம். 6 மணிக்குச் சற்று முன் உடல் கண்டெடுக்கப்பட்டது. ஆறரைக்கு வந்த டாக்டர் பிலிப்ஸ், இறந்து குறைந்தது இரண்டு மணி நேரம் ஆகிறது என்றார்.

மருத்துவர் சொல்வது சரியென்றால் மூன்று சாட்சிகளும் தவறு. ஆனால் அவர் நம்பியது தொட்டுப்பார்த்த சூட்டையும் விறைப்பையும். குளிர்ந்த காலை, திறந்த வெளி, நிறைய ரத்தம் போன உடல்: சூடு சீக்கிரம் இறங்கும். குளிரைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அவரே விசாரணையில் ஒத்துக்கொண்டார். கடோஷுக்கும் லாங்குக்கும் உள்ள முரணுக்கு ஒரு விளக்கம் உண்டு: லாங் கேட்டது ஐந்தேகால் மணியோசையாக இருந்தால் எல்லாம் பொருந்திவிடும். என் கணிப்பில் இதுவே நியாயமானது. ஒரு மணியோசையைத் தப்பாக எண்ணுவது மனித இயல்பு.

செப்டம்பர் 26

இதே தேதியில் கரோனர் (மரண விசாரணை அதிகாரி) வின் பாக்ஸ்டர் சாப்மன் விசாரணையின் தொகுப்புரையில் ஒரு செய்தி சொன்னார்: ஓர் அமெரிக்கர் மனித உடல் உறுப்பு ஒன்றுக்கு 20 பவுண்டு தருவதாக மருத்துவ அருங்காட்சியகம் ஒன்றை அணுகியிருந்தாராம். கொலைகாரன் மருத்துவன் என்ற நம்பிக்கைக்கு இது பெரிய தீனி. பிலிப்ஸும் உடற்கூறு அறிவு தெரிகிறது என்றிருந்தார். நவம்பர் 10 அறிக்கையில் டாக்டர் தாமஸ் பாண்ட் இதை அடியோடு மறுத்தார்: கசாப்புக்காரனுக்கு உள்ள அறிவுகூட இல்லை. நாவல்கள் பிலிப்ஸை எடுத்துக்கொண்டன, பாண்டை விட்டுவிட்டன.

செப்டம்பர் 30

ஒரே இரவில் இரண்டு கொலை. எலிசபெத் ஸ்ட்ரைட் உடல் பெர்னர் தெருவில் ஒரு மணிக்கு. கேத்தரின் எடோவ்ஸ் உடல் மைட்டர் சதுக்கத்தில் 1:44-க்கு.

மைட்டர் சதுக்கத்தைக் கான்ஸ்டபிள் வாட்கின்ஸின் ரோந்துச் சுற்றை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். ஒரு சுற்றுக்கு 12 முதல் 14 நிமிஷம். 1:30-க்கு வந்தபோது சதுக்கம் காலி. 1:35-க்கு லாவெண்டே என்பவர் உள்ளிட்ட வழிப்போக்கர் மூவர், பக்கத்துச் சந்து முனையில் ஒரு பெண்ணையும் ஆணையும் கண்டார்கள். அது எடோவ்ஸ் என்றால் மிஞ்சுவது ஒன்பது நிமிஷம். நீண்ட வசனம் பேசும் கொலைகாரனுக்கு இங்கே இடமே இல்லை.

அன்று முன்னிரவில் குடிபோதைக்காகப் பிடிக்கப்பட்ட எடோவ்ஸை, ஒரு மணிக்குத்தான் பிஷப்ஸ்கேட் காவல் நிலையத்திலிருந்து விட்டார்கள். அவரிடம் இருந்த பொருள்களைப் போலீசார் பட்டியலிட்டார்கள். வெள்ளைத் துணித் துண்டுகள் 12. சின்னக் களிமண் புகைக்குழாய் 2. ஒரு தகர டப்பாவில் தேயிலை, இன்னொன்றில் சர்க்கரை. சோப்புத் துண்டு 6. பேன் சீப்பு, ஊசி, குண்டூசி, ஒரு தேக்கரண்டி, காலி தீப்பெட்டி, உடைந்த மூக்குக் கண்ணாடியில் ஒரு பாகம், ஒற்றைச் சிவப்புக் கையுறை. கடுகு டப்பாவில் இரண்டு அடகுச் சீட்டு. அதில் ஒன்று, உடன் வாழ்ந்தவரின் பூட்ஸை இரண்டு ஷில்லிங் ஆறு பென்னிக்கு வைத்தது. வீடில்லாத ஒரு பெண் தன் குடித்தனம் முழுவதையும் உடம்பிலேயே சுமந்திருக்கிறார். இந்த வழக்கைப் பற்றி எழுதப்பட்ட எந்தக் கற்பனையும் இந்தப் பட்டியல் அளவுக்கு என்னை உலுக்கவில்லை. எடோவ்ஸுடையது என்று சொல்லப்பட்டு, பின்னாளில் மரபணுச் சோதனைக்குப் போன சால்வை இந்தப் பட்டியலில் கிடையாது.

2:55-க்கு கோல்ஸ்டன் தெரு வாசலில் அவருடைய ஏப்ரனின் ஒரு துண்டு கிடந்தது. மேலே சுவரில் யூதர்களைக் குறித்துச் சாக்கட்டியில் எழுதிய ஒரு வரி. படம் எடுக்க நகரப் போலீஸ் விரும்பியது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக் கூட்டம் சேர்ந்தால் யூதர்கள்மேல் கலவரம் வெடிக்கும் என்று பயந்து, மெட்ரோபாலிட்டன் போலீஸ் ஆணையர் வாரன் விடியுமுன் அழிக்கச் சொன்னார். நகல் எடுத்தவர்களின் பிரதிகள் சொல்வரிசையில்கூட ஒத்துப்போகவில்லை.

அக்டோபர் 1

‘ஜாக் தி ரிப்பர்’ என்ற பெயர் பத்திரிகையில் வந்த நாள். சிவப்பு மையில் எழுதிய அந்தக் கடிதம் போலீசுக்கு வரவில்லை. சென்ட்ரல் நியூஸ் என்ற செய்தி நிறுவனத்துக்குப் போனது. எந்தச் செய்தி எங்கே போனால் நாடு முழுக்கப் பரவும் என்று அறிந்தவர் கை அது. டாம் புல்லிங் என்ற பத்திரிகையாளரே எழுதியதாக ஸ்காட்லாந்து யார்டில் கருதினார்கள் என்று முன்னாள் அதிகாரி லிட்டில்சைல்ட் 1913-இல் ஒரு கடிதத்தில் குறிப்பிட்டார். தொடர்ந்து வந்த தபால் அட்டையையும் பெரும்பாலும் அதே ஆள்தான் எழுதியிருக்க வேண்டும் என்று 2018-இல் ஒரு மொழியியல் ஆய்வு காட்டியது. போலீசைச் சீண்டிக் கடிதம் போடும் தொடர்கொலைகாரன் என்ற பாத்திரம் இங்கே பிறந்தது, பெரும்பாலும் ஒரு செய்தி மேசையில்.

அக்டோபர் 3

கதைகளில் கொலைகாரன் கையில் இருக்கும் கறுப்புப் பை எங்கிருந்து வந்தது? பெர்னர் தெருவில் ஃபேனி மார்ட்டிமர் ஓர் இளைஞன் பளபளக்கும் கறுப்புப் பையோடு போவதைப் பார்த்தார். அவர் லியோன் கோல்ட்ஸ்டீன். தாமாகவே காவல் நிலையம் வந்து விளக்கினார். பைக்குள் காலி சிகரெட் பெட்டிகள். உயரத் தொப்பிக்கும் இதே கதி: லாவெண்டே பார்த்த ஆளின் தலையில் இருந்தது முன்விளிம்பு வைத்த துணித் தொப்பி, தோற்றம் மாலுமியைப் போல.

அக்டோபர் 20

மூடுபனியை எந்தச் சாட்சியும் சொல்லவில்லை. அது கதையிலும் திரையிலும் சேர்ந்தது. மேரி பெல்லாக் லவுன்டஸ் 1911-இல் சிறுகதையாகவும் 1913-இல் நாவலாகவும் எழுதிய ‘தி லாட்ஜர்’, 1927-இல் ஹிட்ச்காக் கையில் படமானபோது துணைத்தலைப்பிலேயே லண்டன் மூடுபனி வந்துவிட்டது. ஆனால் லவுன்டஸ் கண்டுபிடித்த கோணம் அருமையானது. வாடகைக்கு இருப்பவர் நள்ளிரவில் படியிறங்கும் ஓசையை, வீட்டுக்கார அம்மாள் படுக்கையில் விழித்தபடி கேட்கிறார். வாடகைக் காசு நின்றுவிடுமே என்பதால் யாரிடமும் சொல்வதில்லை. நிக்கல்ஸின் நாலு பென்னியும் இந்த அம்மாளின் வாடகையும் ஒரே உலகம்.

நவம்பர் 9

மேரி ஜேன் கெல்லி, மில்லர்ஸ் கோர்ட் 13. வாடகை பாக்கி 29 ஷில்லிங். அதை வசூலிக்கப் போன ஆள்தான் 10:45-க்கு ஜன்னல் வழியாகப் பார்த்தார். மோப்ப நாய்கள் வரும் என்று போலீஸ் காத்திருந்தது, வரவில்லை. 1:30-க்கு வீட்டுக்காரர் கதவை உடைத்துத் திறந்தார்.

பூட்டிய அறைக்குள் கொலை, சாவியைக் காணோம் என்று இதை மர்மமாக்கிய கதைகள் உண்டு. விசாரணையில் இன்ஸ்பெக்டர் ஆபர்லைன் இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: சாவி தொலைந்து வெகு நாளாயிற்று. கெல்லியும் உடன் இருந்தவரும், உடைந்திருந்த ஜன்னல் கண்ணாடி வழியாகக் கையை விட்டுத் தாழை நகர்த்தித்தான் தினமும் உள்ளே போய்வந்தார்கள்.