கிளாஸ்கோ வழியாக டோனிகால்: ஓர் ஐரிஷ் குடும்பத்தின் வேர் தேடிய குறிப்புகள்

இலக்கு: 1870-களில் அயர்லாந்தின் டோனிகால் கவுன்டியிலிருந்து கிளாஸ்கோவுக்குப் பிழைக்கப் போன ஒரு கத்தோலிக்கக் குடும்பம். குடும்பப் பெயர் கல்லஹர். கையில் இருந்தவை கணவன் மனைவி பெயர்களும் 'டோனிகால்' என்ற ஒற்றை வார்த்தையும்தான். டோனிகாலில் தடுக்கி விழுந்தால் ஒரு கல்லஹர் மேல்தான் விழ வேண்டும். அதனால் ஐரிஷ் பதிவுகளை முதலில் தொடவே இல்லை.

காரணம் இருக்கிறது. அயர்லாந்தின் 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தாள்களில் பெரும்பகுதி, 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் அரசு ஆவணக் காப்பகம் இருந்த ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் பிடித்த தீயில் போனது. எல்லாப் பழியையும் அந்தத் தீயின் மேல் போடுவது வழக்கம். ஆனால் 1861, 1871 தாள்களை அழித்தது அரசாங்கமே. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகிவிட்டன. தீக்கு முந்தைய கணக்கெடுப்புகளில் முழுசாக மிஞ்சியவை 1901, 1911 இரண்டும்தான். 1870-களில் கிளம்பிய குடும்பம் இரண்டிலும் இருக்காது.

ஸ்காட்லாந்து அப்படி இல்லை. அங்கே 1855 ஜனவரி 1 முதல் பிறப்பு, திருமணம், இறப்பு மூன்றையும் அரசு பதிகிறது, அதுவும் தாராளமாக. திருமணப் பதிவில் இரு தரப்பிலும் அப்பா, அம்மா, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். இறப்புப் பதிவிலும் இறந்தவரின் பெற்றோர் பெயர் வரும். அதே காலத்து ஐரிஷ் இறப்புப் பதிவில் அது கிடையாது. எல்லாவற்றையும்விட, 1855-லும் பிறகு 1861 முதலும் குழந்தையின் பிறப்புப் பதிவில் பெற்றோர் எந்தத் தேதியில், எந்த ஊரில் கல்யாணம் செய்துகொண்டார்கள் என்ற வரி உண்டு. அயர்லாந்தில் நடந்த கல்யாணமானாலும் எழுதியிருப்பார்கள். இந்தத் தேடலுக்குச் சாவி அந்த ஒரு வரிதான்.

இந்தப் பதிவுகள் இருக்கும் ஸ்காட்லாந்து அரசின் ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் தளத்தில் அட்டவணையைத் தேடுவது இலவசம். ஸ்கேன் படம் ஒன்றுக்கு, காசு கொடுத்து வாங்கும் கிரெடிட்டில் 6. ஒருமுறை வாங்கியது கணக்கிலேயே கிடக்கும், திரும்பப் பார்க்கக் காசு இல்லை. அயர்லாந்தில் 'ஜிஹெச்' போட்டு எழுதும் கல்லஹரை ஸ்காட்லாந்துக் குமாஸ்தா 'சிஹெச்' போட்டு எழுதுவார். அதனால் தேடும்போது முதல் மூன்று எழுத்து, பிறகு மீதி எதுவானாலும் சரி என்பதற்கு நட்சத்திரக் குறி. காலோவே, கால்பிரெய்த் எல்லாம் கூடவே வரும். பதிவு மாவட்டத்தை கிளாஸ்கோவின் கோர்பல்ஸ், ஹட்சிசன்டவுன் பகுதிகள் என்று சுருக்கினால் பட்டியல் கைக்குள் அடங்கும்.

ஒரு பிள்ளையின் பதிவோடு நிறுத்தக் கூடாது. இங்கே இரண்டு வாங்கியதில், 1876-இல் பிறந்த மூத்ததன் பதிவில் கல்யாணம் 1872 பிப்ரவரி 13, ஊர் 'டன்லோ'. 1881-இல் பிறந்த அடுத்ததில் வெறும் '1873 பிப்ரவரி'. எதை நம்புவது? நாள் சொல்லும் பதிவைத்தான். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் 1872-இல் பிப்ரவரி 14. தவக்காலத்தில் திருமணம் நடத்த மாட்டார்கள் என்பதால் ஐரிஷ் கிராமங்களில் கல்யாணங்கள் அதற்கு முந்தின நாட்களில் குவியும். கடைசி நாளான 13 நன்றாகவே பொருந்துகிறது.

அடுத்த சிக்கல் ஊர்ப்பெயர். முதல் பதிவின் அடியில் அப்பாவின் கையெழுத்து இல்லை. ஒரு பெருக்கல் குறி, இரு பக்கமும் 'இவரது குறி' என்று குமாஸ்தாவின் எழுத்து. படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னதை, அந்த ஊர்ப்பக்கமே போகாதவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர் இது. எழுத்துக்கூட்டி உட்கார்ந்திருப்பது வீண். உரக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும். டோனிகாலில் டங்லோ என்று ஓர் ஊர். எழுத்தில் 'ஜி' இருக்கும், பேச்சில் விழுந்துவிடும். ஊர்க்காரர் சொன்னால் டன்லோதான். கெர்ரியிலும் ஒரு டன்லோ உண்டு. கவுன்டி தெரியாமல் தேடியிருந்தால் நாட்டின் எதிர்முனையில் போய் முட்டியிருக்கும்.

ஊர் கிடைத்ததும் ஐரிஷ் ஊர்ப்பெயர்களுக்கான லோகெய்ன்ம் தளத்தில் நிர்வாகப் பிரிவுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். டங்லோ: சிவில் பாரிஷ் (அரசு வழக்கிலுள்ள பாரிஷ் பிரிவு) டெம்பிள்க்ரோன், பாரனி (கவுன்டியின் பழைய உட்பிரிவு) பாய்லா, ஏழையர் சட்ட ஒன்றியம் (ஏழையர் உதவிக்காக வகுத்த வட்டாரம்) க்ளென்டீஸ். திருமணப் பதிவு ஒன்றியத்தின் பெயரில் இருக்கும், நில மதிப்பீடு சிவில் பாரிஷ் பெயரில், ஞானஸ்நானம் கத்தோலிக்கப் பங்கின் (கோவில் வட்டாரத்தின்) பெயரில். மூன்றின் எல்லையும் ஒன்றல்ல. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்.

அயர்லாந்தில் கத்தோலிக்கத் திருமணங்களை அரசு பதிவது 1864-இல்தான் தொடங்கியது. அரசின் ஐரிஷ் ஜீனியாலஜி தளத்தில் 75 வருஷம் கடந்த திருமணப் பக்கங்கள் இலவசம். க்ளென்டீஸ், 1872 என்று கொடுத்ததும் பக்கம் வந்தது. வயதுக் கட்டத்தில் இருவருக்கும் 'முழு வயது' என்றுதான் இருக்கிறது. 21 அல்லது அதற்கு மேல் என்று பொருள், அவ்வளவே. இரு அப்பாக்களின் பெயரும் உண்டு, அம்மாக்கள் இல்லை. ஆனால் முகவரிக் கட்டத்தில் டவுன்லேண்ட் பெயர் இருந்தது. பெயரில் 'டவுன்' இருந்தாலும் இது நகரமல்ல. எல்லையும் பெயரும் உள்ள நிலத்துண்டு, நாடு முழுக்க அறுபதாயிரத்துக்கு மேல். இது கிடைக்கும்வரை கிரிஃபித் மதிப்பீட்டை, அதாவது மேலே சொன்ன நில மதிப்பீட்டுப் பட்டியலை, திறப்பது நேரத்துக்குக் கேடு.

கிரிஃபித் மதிப்பீடு 1847 முதல் 1864 வரை வெளியானது. நிலம் அல்லது வீடு யார் அனுபவத்தில் இருந்ததோ அவர் பெயர் மட்டும் இருக்கும். மனைவி, மக்கள் கிடையாது. இடது ஓரக் குறியீட்டில் எண் மனைத் தொகுதி, பெரிய எழுத்து அதே ஆளின் தனித்தனித் துண்டு, சின்ன எழுத்து வீடு. சின்ன எழுத்து இல்லாவிட்டால் அங்கே அவர் குடியிருக்கவில்லை என்று பிடித்துக்கொள்ளலாம். ஒரே டவுன்லேண்டில் ஒரே பெயரில் மூன்று கல்லஹர் இருந்தால் அடைப்புக்குறியில் அடையாளம் வரும்: அப்பா பெயர், அல்லது 'ரோ' (செம்பட்டை முடிக்காரர்), 'பேன்' (வெளுத்தவர்), 'ஓக்' (சின்னவர்). இந்தப் பட்டப்பெயரைச் சிறு விஷயம் என்று விட்டுவிடாமல் அப்படியே எழுதி வைக்க வேண்டும். பிறகு எந்த ஆள் எந்த ஆள் என்று பிரிக்க அது ஒன்றுதான் உதவும்.

1901, 1911 கணக்கெடுப்பில் அதே டவுன்லேண்டில் தங்கிவிட்ட சகோதரர்களைத் தேடலாம். வயதை நம்ப வேண்டாம். 1901-இல் 54 என்றவர் 1911-இல் 70 என்பார். 70 ஆனவர்களுக்கு முதியோர் பென்ஷன் 1909 ஜனவரியில் வந்தது. வயது ஏறிய மர்மம் அதில் இருக்கிறது.

ஸ்காட்லாந்து இறப்புப் பதிவு பற்றி ஓர் எச்சரிக்கை: தகவல் சொன்னவர் யார் என்று பார்க்காமல் பெற்றோர் பெயரை ஏற்கக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரரோ தாத்தாவைப் பார்த்தே இராத பேரனோ சொன்னதாக இருக்கும். கல்யாணப் பதிவில் மாப்பிள்ளையும் பெண்ணும் தங்கள் பெற்றோரைப் பற்றித் தாங்களே சொல்கிறார்கள். முரண் வந்தால் அதற்கே முன்னுரிமை.

மூத்த மகன் கட்டியது ஸ்காட்லாந்தின் ஏர்ஷையரைச் சேர்ந்த பிரஸ்பிடீரியன் (புராட்டஸ்டன்ட் பிரிவு) பெண்ணை. அவள் வழியில் 1855-க்கு முன் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பழைய பாரிஷ் பதிவேடுகள்தான், அவை ஓட்டை நிறைந்தவை. 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் 3 பென்ஸ் வரி என்பதால் பலர் பதியவில்லை. 1843-இல் அந்தத் திருச்சபை பிளந்தபின் பிரிந்துபோனவர்கள் இந்த ஏடுகளில் இல்லை. இடைவெளியில் கைகொடுப்பது பெயரிடும் வழக்கம்: முதல் மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாமவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர், முதல் மகளுக்கு அம்மாவழிப் பாட்டி பெயர். பேரன் என்பதே 'பெயரன்'தானே, நமக்கு இது புதிதல்ல. ஆனால் இது துப்பு மட்டும். சாட்சியாக வைத்துக் கிளை வரையக் கூடாது.

இன்றைய நிலை: டவுன்லேண்ட் உறுதி, இரு தாத்தாக்கள் (தம்பதியின் அப்பாக்கள்) பெயர் உறுதி, பாட்டிகள் காலி. டோனிகாலில் பல பங்குகளின் ஞானஸ்நான ஏடுகள் 1850-களுக்குப் பிறகே தொடங்குவதால் அங்கே பெரிய நம்பிக்கை இல்லை. அடுத்து இரண்டு வேலை. ஒன்று, கிளாஸ்கோ மிட்செல் நூலகத்தில் உள்ள ஏழையர் உதவி விண்ணப்பங்கள். அதில் பிறந்த இடமும் பெற்றோர் பெயரும் கேட்டிருப்பார்கள். இன்னொன்று டப்ளினில், நிலம் கைமாறும்போது கிரிஃபித் மதிப்பீட்டில் பெயரை மாற்றிக் குறித்த திருத்தப் புத்தகங்கள். திருத்தத்துக்கு ஒரு மை நிறம் என்பதால், எந்த நிறத்தில் பழைய பெயர் அடிபட்டிருக்கிறது என்று பார்த்தாலே தாத்தாவின் நிலம் கைமாறிய வருஷம் ஏறக்குறையக் கிடைத்துவிடும்.