ஐரோப்பியச் சட்டம் படித்த அனுபவம்: ஒரு பள்ளிக்கூடமும் இரண்டு தொழிற்சங்கங்களும்

முதுகலையில் ஐரோப்பியச் சட்டம் எடுத்த புதிதில் என்னைத் திணறடித்தது தீர்ப்புகளின் நடைதான். லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் ஒரே குரலில் பேசும். மாறுபட்ட தீர்ப்பு எழுதும் நீதிபதி அங்கே கிடையாது. அதனால் தோற்ற வாதத்தின் வலு சுலபத்தில் பிடிபடாது. சீனியர் ஒருவர் வழி சொன்னார்: "முதல்ல அட்வகேட் ஜெனரலோட கருத்துரையைப் படி, அப்புறம் தீர்ப்புக்கு வா." அட்வகேட் ஜெனரல் என்பவர், தீர்ப்புக்கு முன்பே வழக்கை எப்படி முடிக்கலாம் என்று நீதிமன்றத்துக்குச் சுதந்திரமாக யோசனை சொல்பவர். அப்படிப் படித்த பிறகுதான் பாடம் வசப்பட்டது.

என்னை உலுக்கியது 2007 டிசம்பரில் வந்த லவால் தீர்ப்பு. லாட்வியா 2004 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அதே ஆண்டு லவால் என்ற லாட்விய நிறுவனம், ஸ்டாக்ஹோம் அருகே வாக்ஸ்ஹோமில் ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலைக்குத் தன் ஆட்களை அனுப்பியது. சுவீடனில் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் இல்லை; சங்கம் பேசி முடிப்பதுதான் கூலி. கட்டடத் தொழிலாளர் சங்கம் மணிக்கு 145 குரோனா கேட்டது. நிறுவனமோ லாட்வியாவின் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டிருந்தது. பேச்சு முறிந்து, நவம்பரில் மறியல் தொடங்கியது. மின் தொழிலாளர் சங்கமும் துணைக்கு வந்தது. வேலை நின்றது, வந்தவர்கள் ஊர் திரும்பினார்கள். போராடுவது அடிப்படை உரிமைதான் என்று ஒப்புக்கொண்ட நீதிமன்றம், இந்த மறியல், ஒரு உறுப்பு நாட்டு நிறுவனம் இன்னொரு உறுப்பு நாட்டில் சேவை வழங்கும் சுதந்திரத்தை நியாயமில்லாமல் தடுக்கிறது என்று சொல்லிவிட்டது.

அன்று வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. கூலியை இப்படி இறக்க விட்டால் சங்கம் எதற்கு என்றார் சுவீடன் மாணவர். "எங்கள் ஆட்களைத் திருப்பி அனுப்பியதில் தோழமை எங்கே இருக்கிறது?" என்று கேட்டார் லாட்வியா இருக்கும் பால்டிக் பகுதியிலிருந்து வந்த மாணவி. இருவருமே தொழிலாளி பக்கம் நின்றுதான் பேசினார்கள். சங்கத்தின் வாதமே சரியென்று எனக்கு இன்றும் படுகிறது. ஆனால் அந்த மாணவியின் கேள்வியைத் தொடாமல் லவாலைத் திட்டும் கட்டுரைகள் எனக்கு அரைகுறையாகவே தெரிகின்றன.

வருமானம் இல்லாதவர்களுக்கு அரசு தரும் உதவித்தொகை பற்றிய வழக்குகளையும், தோழமை எங்கே என்ற அதே கேள்வியோடு படித்தேன். பெல்ஜியத்தில் படித்த பிரெஞ்சு மாணவர் கிரெல்சிக், மூன்று வருடம் சின்னச் சின்ன வேலைகள் பார்த்துச் சமாளித்துவிட்டு, நான்காம் வருடம் உதவி கேட்டார். உறுப்பு நாட்டு மக்கள் ஒருவருக்கொருவர் ஓரளவு பொருளாதாரத்தில் கைகொடுக்க வேண்டும் என்றது 2001 தீர்ப்பு. 2014இல் டானோ வழக்கில், ஜெர்மனியில் வேலை தேடாமல் இருந்த ருமேனியப் பெண்ணுக்கு உதவியை மறுக்கலாம் என்றது.

தேர்வுக்குப் படிப்பவர்கள் 2018இல் திருத்தப்பட்ட, வெளிநாட்டுக்கு அனுப்பப்படும் தொழிலாளர் பற்றிய டைரக்டிவையும் (உறுப்பு நாடுகள் தங்கள் சட்டத்தில் கொண்டுவர வேண்டிய ஒன்றியச் சட்டம்) விட்டுவிடாதீர்கள். போன நாட்டில் கட்டாயமாக உள்ள ஊதியக் கூறுகள் எல்லாமே, குறைந்தபட்சக் கூலி மட்டுமல்ல, இப்போது அவர்களுக்கும் உண்டு.