எல்லாருக்கும் பிடித்த பாட்டுக்கு முட்டை

"வேர்க்கிறதுக்கா இவங்க தனியா ஒரு அறை கட்டி வெச்சிரிக்காங்க?"

பெரியம்மா கேட்ட கேள்வி இது. மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு முற்றத்துச் சுவரில், யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியில் சுவீடனின் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. மரப்பலகை அறை, துவாய் கட்டிய ஆட்டக்காரர்கள், கோட்டுப் போட்ட மூன்று பேர். சவுனா என்றால் என்னவென்று விளக்கப்போனேன். மே மாதம், இரவு ஏழு மணிக்கும் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. "நம்மட முத்தத்துல சும்மா இரிந்தாலே போதுமே, மகள்" என்று பெரியம்மா முடித்துவிட்டார். அதற்குமேல் எனக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

யூரோவிஷன் பார்க்க வீட்டுக்கு ஆள் கூட்டும் யோசனை அக்காவால் வந்தது. அக்கா சுவிஸின் பாசல் நகரில் இருக்கிறார். 2024இல் மால்மோவில் நடந்த போட்டியில் சுவிஸ் சார்பாகப் பாடிய நெமோ வென்றார். வென்ற நாட்டில்தான் பொதுவாக அடுத்த வருடப் போட்டி நடக்கும். அப்படி 2025இல் அது அக்காவின் ஊருக்கே வந்துவிட்டது. சனவரியிலிருந்தே தொலைபேசியில் வேறு கதை கிடையாது. இந்தப் போட்டி தொடங்கியதே சுவிஸில்தானாம்: 1956, லுகானோ, ஏழே ஏழு நாடுகள், வென்றதும் சுவிஸ்தான். கனடாக்காரி செலின் டியோன் 1988இல் சுவிஸுக்காகப் பாடி ஒரே ஒரு புள்ளியால் வென்ற கதையை மட்டும் மூன்று தரம் கேட்டுவிட்டேன். மண்டபத்துக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. பக்கத்திலிருக்கும் காற்பந்து மைதானத்தில் பெரிய திரையில் பார்க்க அக்காவும் அத்தானும் போனார்கள்.

"நீங்களும் அங்க இரிந்து பாருங்க, ஒரே நேரத்துல பார்ப்பம்" என்றார் அக்கா. இறுதிப்போட்டி அங்கே மே 17 இரவு ஒன்பது மணிக்கு. எங்களுக்கு அது மே 18, நள்ளிரவு கடந்து பன்னிரண்டரை.

மே 18 என்ன நாள் என்று இங்கே எவருக்கும் எழுதிக்காட்டத் தேவையில்லை. நான் தேதியைச் சொன்னபோது பெரியம்மா முள்ளிவாய்க்கால் கஞ்சிப் பானையை இறக்கிக்கொண்டிருந்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அக்காவுக்கு உடனே அழைத்து, நாங்கள் அடுத்த சனிக்கிழமை யூடியூபில் முழுதாகப் பார்க்கிறோம், அதுவரை முடிவைச் சொல்லவே கூடாது என்றேன். அக்காவும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ஓம், அதான் சரி" என்றார்.

ஒரு கிழமை முழுக்க முடிவு தெரியாமல் இருப்பது எவ்வளவு கரைச்சல் என்று அப்போதுதான் விளங்கியது. குடும்ப வாட்ஸ்அப் குழுவை நான் திறக்கவேயில்லை, ஏனென்றால் அத்தானை நம்ப முடியாது. ஃபேஸ்புக்கை போனிலிருந்தே எடுத்துவிட்டேன். தம்பியின் மூத்த மகன் எங்கோ பார்த்துவிட்டான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. பயல் கடைசிவரை வாயைத் திறக்கவில்லை. அதற்கு அவனைப் பாராட்டத்தான் வேண்டும்.

சரி, ஏற்பாட்டுக்கு வருகிறேன். இறுதிப்போட்டியில் 26 நாடுகள். எங்கள் கூட்டம் சின்னன்பெரியன் எல்லாம் சேர்த்துப் பதின்மூன்று பேர். கணக்கு அழகாகப் பொருந்தியது, ஆளுக்கு இரண்டு நாடு. புதன்கிழமையே துண்டு எழுதி, பால்மா டின்னில் போட்டுக் குலுக்கினோம். யாருக்கு எந்த நாடு விழுகிறதோ அந்த நாட்டை நினைவுபடுத்துகிற ஏதாவது ஒரு தின்பண்டமோ உடுப்போ கொண்டுவர வேண்டும். என்னோடு வேலைசெய்யும் காத்தான்குடித் தோழிக்கு எஸ்தோனியா. அந்த நாட்டுப் பாடகர் டொமி காஷ் அரைகுறை இத்தாலியனில் கோப்பியைப் பற்றிப் பாடுகிறார் என்று சொன்னேன். ஒரு பெரிய பிளாஸ்க் நிறையச் சுக்குக் கோப்பியோடு வந்து இறங்கினார். கூடவே வட்டிலப்பம். அது எந்த நாடு என்று நாங்கள் கேட்கவில்லை.

பெரியம்மாவுக்கு விழுந்தது சுவிஸ். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவர். அவருக்காக ஃபொண்டூ செய்யத் துணிந்தேன். சீஸை உருக்கி ஒரு சட்டியில் வைத்து, எல்லாரும் சுற்றியிருந்து, நீளக் கம்பியில் பாண் துண்டைக் குத்தித் தோய்த்துச் சாப்பிடுவது. சீஸ் விலையைப் பார்த்தபின் அது பருப்புக்கறி ஃபொண்டூ ஆகியது. கம்பிக்குப் பதில் தென்னை ஈர்க்கு. ஈர்க்கு வளைந்தது, பாண் சட்டிக்குள் விழுந்தது. பாணைத் தவறவிட்டவர் ஏதாவது தண்டனை செய்ய வேண்டும் என்பது சுவிஸில் வழக்கம் என்று அக்கா சொல்லியிருந்தார். நாங்கள் வைத்த தண்டனை ஒரு பாட்டு. பெரியம்மாவின் கவலையெல்லாம் வேறு. "எல்லாரும் ஒரு சட்டிக்குள்ளயா? எச்சில் கா!" கடைசியில் ஆளுக்கொரு கிண்ணத்தில் பருப்பு ஊற்றினோம். ஃபொண்டூ அத்தோடு செத்தது. சாப்பாடு நன்றாக இருந்தது.

கலியாண வீடியோ எடுக்கும் சிநேகிதனிடம் புரொஜெக்டர் இரவல். திரைக்கு ஒரு வெள்ளைப் படுக்கைவிரிப்பு. கச்சான் காற்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. (நாங்கள் கொறித்துக்கொண்டிருந்ததும் கச்சான்தான். கடலையும் காற்றும் ஒரே பெயரில் இருக்கும் ஊரில் வெளியூர்க்காரருக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம்.) மூன்றாவது பாட்டோ நான்காவதோ, விரிப்பு ஒரு பக்கம் கழன்று பாடகியின் முகத்தில் பாதி வேலிக்குப் போனது. கழற்றி எறிந்துவிட்டு நேரே சுவரில் அடித்தோம். சுண்ணாம்பு உரிந்த இடங்களில் எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி ஒரு ஓட்டை.

சுவீடன் பாட்டுக்குத் திரும்புகிறேன். பாடியவர்கள் காய் என்ற குழுவினர். மூவரும் உண்மையில் பின்லாந்துக்காரர், அங்கே சுவீடிஷ் பேசும் ஒரு சின்ன ஊரிலிருந்து வந்தவர்கள். தங்கள் ஊர்ப் பேச்சிலேயே பாடி, அடுத்த நாட்டுக்குப் பிரதிநிதியாகப் போய்விட்டார்கள். எனக்கு இது பெரிய விசயம். இங்கே டிவிப் பாட்டுப் போட்டிக்கு நம்ம பிள்ளை ஒன்று போனால், முதல் வேலையாகப் பேச்சை மாற்றிக்கொள்கிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் 'மறுகா' (பிறகு, மறுபடி) என்றும் 'ஒள்ளுப்பம்' (கொஞ்சம்) என்றும் வருகிற ஒரு பாட்டை மேடையில் கேட்டு நான் சாகவேண்டும். பையன்கள் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஆடினார்கள். பார்வையாளர் பக்கம் முழுக்கச் சுவீடன் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

ஆஸ்திரியா பக்கத்து வீட்டு மாமாவின் சீட்டு. வாவியில் நாற்பது வருடம் தோணி விட்டவர். ஜேஜே என்ற அந்த இளைஞர் பெண்குரல் உயரத்தில், ஒபேரா மாதிரிப் பாடினார். எல்லாம் கறுப்பு வெள்ளை, மேடையில் புயலில் அகப்பட்ட ஒரு சின்னத் தோணி. குரலைப் பற்றி மாமா ஒரு சொல் சொல்லவில்லை. "இந்தக் காத்துக்குப் பாயை இப்பிடி விட்டா ஆள் மிஞ்சமாட்டான்" என்றார்.

சுவிஸ் பாடகி ஸோயி மே. ஆட்டம் இல்லை, நெருப்பு இல்லை, கமெராவைப் பார்த்தபடி பிரெஞ்சில் மெதுவாக ஒரு பாட்டு. முற்றத்தில் சத்தம் அடங்கியது. கச்சான் கோது உடைக்கிற சத்தம்கூட நின்றது. பெரியம்மா மட்டும் தலையைக் கொஞ்சமாக ஆட்டிக்கொண்டிருந்தார்.

பிறகு வாக்களிப்பு. யூரோவிஷனில் ஒவ்வொரு நாட்டின் நடுவர்களும் மக்களும் தனித்தனியாகப் பத்துப் பாட்டுக்குப் புள்ளி போடுவார்கள்: 12, 10, பிறகு 8இலிருந்து 1 வரை. சொந்த நாட்டுக்குப் போடக்கூடாது. பிள்ளைகளுக்கு லேசாக இருக்கட்டும் என்று நாங்கள் 12, 10, 8 என்று மூன்றோடு நிறுத்திக்கொண்டோம். அவரவர் சீட்டில் வந்த நாட்டுக்குப் போடக்கூடாது என்பதை மட்டும் வைத்துக்கொண்டோம். கிரேக்கமும் சைப்பிரசும் காலங்காலமாக ஒருவருக்கொருவர் 12 கொடுப்பது அங்கே ஊரறிந்த பகிடி. எங்கள் முற்றத்திலும் ஒரு மாமா, மாமியின் நாட்டுக்கு 12 போட்டார். மாமி மாமாவின் நாட்டுக்கு ஒன்றும் போடவில்லை. அந்தக் கதை இன்னும் முடியவில்லை.

கூட்டிப் பார்த்தால் சுவீடன் 104, எஸ்தோனியா 86, ஆஸ்திரியா 72. சுவிஸுக்கு முட்டை.

பெரியம்மா கோபப்படவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி நிமிர்ந்து இருந்தார். "அந்தப் புள்ளட பாட்டு ஆருக்கெல்லாம் புடிச்சிது? கையைத் தூக்குங்க" என்றார். நானும் தூக்கினேன். எண்ணினால் ஒன்பது கை. "அப்ப எப்பிடி முட்டை?"

ஒவ்வொருவராகக் கேட்டோம். எனக்கு அது நாலாவது. தோழிக்கும் நாலாவது. தம்பிக்கு அஞ்சாவது. எல்லாருக்கும் பிடித்திருக்கிறது, எவருக்கும் முதல் மூன்றில் இல்லை.

யூடியூபை மறுபடி ஓடவிட்டோம். முதலில் நடுவர் புள்ளிகள். அந்த வருடம் ஒவ்வொரு நாட்டிலும் இசைத்துறை ஆட்கள் ஐந்து பேர். அவர்களிடம் சுவிஸுக்கு 214, ஆஸ்திரியாவுக்கு அடுத்து இரண்டாம் இடம்! பெரியம்மா எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "படிச்ச ஆக்கள்" என்றார், அவ்வளவுதான்.

அதன் பிறகு மக்கள் வாக்கு. ஸோயி மேயின் முகம் திரையில். அறிவிப்பாளர் சொன்ன எண், பூச்சியம்.

ஒருவரும் சிரிக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பயல் மட்டும் மெதுவாக, "எனக்கு முன்னமே தெரியும், அதான் நான் சொல்லயில்ல" என்றான்.

தன் ஊரில் நடக்கிற போட்டியில், தன் மண்டபத்தில், 37 நாடுகளும் வெளியுலகமும் போட்ட மக்கள் வாக்கில் ஒரு புள்ளிகூட இல்லை. பிரித்தானியாவுக்கும் அதே பூச்சியம். ஆனால் எங்கள் முற்றத்துக் கணக்கைப் பார்த்திராவிட்டால் நானும் "ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை" என்றுதான் நினைத்திருப்பேன். 26 பாட்டில் பத்துக்குத்தான் புள்ளி. ஒவ்வொரு நாட்டிலும் பதினோராவதாக வந்தாலும் முட்டைதான். நடுவர்கள் எல்லாப் பாட்டையும் கேட்டு வரிசைப்படுத்த வேண்டும், அவர்களுக்கு நாலாவது என்றால் அது நாலாவதாகவே கணக்கில் ஏறும். வீட்டிலிருந்து வாக்குப் போடுகிறவர் அப்படியா? 2025இல் ஒருவர் இருபது வாக்குவரை போட முடிந்தது. காசு கட்டிப் போடுகிறவர் தன் உயிர்ப் பாட்டுக்குப் போடுவாரே தவிர, "இதுவும் பரவாயில்லை" என்று ஒன்றுக்குப் போடமாட்டார்.

கடைசியில் வென்றது ஆஸ்திரியா, 436 புள்ளி. எஸ்தோனியா மூன்றாவது, எங்கள் சுவீடன் நாலாவது. அக்கா அனுப்பிய சொக்லேட்தான் பரிசு. அது வெக்கையில் உருகி, ஃபிரிஜில் இறுகி, சொக்லேட் என்று நம்பித்தான் தின்ன வேண்டிய உருவத்தில் இருந்தது. மாமா வாங்கிக்கொண்டார். "தோணி சரியில்லத்தான். ஆனா வெண்டுட்டான்" என்றார்.

எல்லாரும் போனபோது பதினொன்று கடந்துவிட்டது. நான் பருப்புச் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன். புரொஜெக்டரை அணைக்கப் போன தம்பியைப் பெரியம்மா மறித்து, அந்தப் பிரெஞ்சுப் பாட்டை மட்டும் போடச் சொன்னார். சுவரில் ஸோயி மே, கன்னத்தருகே சுண்ணாம்பு உரிந்த ஓட்டை. பெரியம்மா கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டபடி இருந்தார். மூன்று நிமிடத்தில் பாட்டு முடிந்தது.

"மறுகா ஒருக்காப் போடு, மகன்."