கறளுக்குக் கடுக்காய்: யன்னல் கம்பியில் செய்து பார்த்தது

வெள்ளவத்தையில் ரயில் பாதையை அண்டிக் குடியிருப்பவர்களுக்குக் கறள் தீராத தலைவலி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் யன்னல் கம்பிகளில் உப்பு படிந்துவிடும். மேலே பெயின்ட் அடித்தாலும் அடியில் கறள் பொங்கிப் பெயின்டை உரித்துவிடுகிறது. அதனால் கழற்றி வைத்திருந்த பழைய கம்பிகளில் கடுக்காயைப் பரீட்சித்துப் பார்க்கிறேன்.

கடுக்காயையும் இரும்புச் சல்பேற்றான அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சிய வழக்கம் பழையது. அதே இரசாயனம்தான் இங்கும். கடுக்காயில் நிறைய இருக்கும் டானின் ஒரு சேதனச் சேர்வை. அதன் பென்சீன் வளையங்களில் ஐதரொட்சைல் கூட்டங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றின் ஒட்சிசன் அணுக்கள் கறளிலுள்ள இரும்பு அயனை இடுக்கிபோல் கவ்விக்கொள்ள, நீரில் கரையாத, நீலம் கலந்த கறுப்புப் படலம் உண்டாகிறது. அதுவே பெரிக் டானேற்று.

புறக்கோட்டையில் மருந்துச் சரக்குக் கடைக்கார ஐயா, “வயிற்றுக்கோளாறா தம்பி?” என்று கேட்டார். “யன்னல் கம்பிக்கு ஐயா” என்றதும் கனமான காய்களாகப் பொறுக்கித் தந்தார். கொட்டையை நீக்கி இடித்து, மண்சட்டியில் காய்ச்சி வடித்தேன். இரும்புச் சட்டி கூடாது. டானின் முதலில் சட்டியைத்தான் பிடிக்கும்.

உதிரும் கறளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துவிட்டு, இறுகிய கறளை அப்படியே விட்டேன். பிறகு வெந்நீரில் பலமுறை கழுவிக் காயவைத்துச் சாற்றைப் பூசினேன். ஈரம் பட்ட இடம் செம்மண் நிறத்திலிருந்து ஊதாவாகி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுத்தது. ஆழமான குழிகளில் மட்டும் சிவப்பு எஞ்சியது. காய்ந்தபின் மறுபடி பூச, அதுவும் அடங்கியது.

ஒரு கம்பியை மட்டும் ஒப்பிடுவதற்காகக் கழுவாமலே பூசியிருந்தேன். பால்கனியில் வைத்ததும் கறுப்பைத் துளைத்துக்கொண்டு செம்மஞ்சள் புள்ளிகள் கிளம்பின. உள்ளே தங்கிய உப்பின் குளோரைட்டை டானின் அகற்றுவதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து அரிப்பைத் தொடரவைக்கிறது. பளபளப்பான புதிய ஆணியிலோ இலேசான சாம்பல் நிறம்தான் ஏறியது. விரைவில் கறளும் வந்தது. புதிய இரும்புக்கு இதை நான் சொல்லமாட்டேன். டானின் பற்றிக்கொள்ளக் கறள் வேண்டும், ஆனால் உப்பு இருக்கக்கூடாது. படலம் மெல்லியது, நுண்துளைகள் கொண்டது என்பதால் மேலே தேன்மெழுகும் தேய்த்தேன். மெழுகிட்ட கம்பிகள் இதுவரை கறுப்பாகவே நிற்கின்றன.

அடுத்தது வீட்டுப் பித்தளைக் குத்துவிளக்கு. செம்புக்கும் செம்புக் கலவைகளுக்கும் உகந்தது, அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் என்ற சேதனச் சேர்வை. அதன் வளையத்திலுள்ள நைதரசன் அணுக்கள் தமது இலத்திரன் சோடிகளால் செம்போடு பிணைந்து, சங்கிலித் தொடராய்ப் படலம் அமைக்கின்றன. அருங்காட்சியகங்களில் வெண்கலப் பொருள்களுக்கு 1960களிலிருந்து இதைப் பயன்படுத்துகிறார்கள். எதனோலில் 3 சதவீதக் கரைசல் வழக்கமான அளவு. உடலுக்குக் கேடானது என்பதால் கையுறை அவசியம். விளக்கில் பூசுமுன் பித்தளைத் தகட்டுத் துண்டுகளில் தொடங்குகிறேன்.