வெற்றுக் குலையின் நார்

சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையைத் தாண்டிப் போகிறவர்களுக்குத் தெரியும், பழம் உதிர்த்த வெற்றுக் குலைகள் மலைமலையாகக் குவிந்து கிடக்கும். அந்த நாரைத்தான் இப்போது அகச்சிவப்பு நிறமாலைமானியில் வைத்துப் படிக்கிறேன். ஒவ்வொரு வேதிப் பிணைப்பும் தனக்குரிய அலைஎண்ணில் (ஒரு சென்டிமீட்டருக்குள் எத்தனை அலைகள் என்ற கணக்கு) ஒளியை உறிஞ்சும், வரைபடத்தில் அங்கே ஒரு பள்ளம் விழும். 1510 பக்கம் நாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின், 1735 பக்கம் பெரும்பாலும் ஹெமிசெல்லுலோஸ் என்ற கலப்புச் சர்க்கரைச் சங்கிலி, 897 பக்கம் நாருக்கு வலு தரும் செல்லுலோஸின் குளுக்கோஸ் வளையங்களைக் கோக்கும் பிணைப்பு. நாரை நன்றாகக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் 1640 பக்கம் தண்ணீர் வந்து நிற்கும், நம் ஊர் மழைக்கு அது பெரிய தொல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தில் ஊறவைத்துக் கழுவிய நாரில் அந்த 1735 பள்ளம் மறைந்துவிடுகிறது, உடனே ஹெமிசெல்லுலோஸ் முழுக்கப் போய்விட்டது என்று பலர் எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. காரம் முதலில் வெட்டுவது ஹெமிசெல்லுலோஸில் ஒட்டியிருந்து அந்தப் பள்ளத்தைத் தரும் அசிட்டைல் குழுக்களை, சர்க்கரைச் சங்கிலி அங்கேயே மிச்சமிருக்கலாம். சர்க்கரைகளைத் தனியே அளந்து பார்க்காமல் அப்படி முடிவுகட்டக் கூடாது.

படிவம் ஐந்தில் வேதியியல் எடுத்திருக்கும் தோட்டத்துத் தம்பி தங்கைகள் யாருக்காவது இந்த வரைபடத்தைப் பார்க்க ஆசையென்றால் உள்பெட்டிக்கு வாருங்கள், உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.